மேற்கோள் விருதும் ஒரு மாணவனின் ப்ராஜெக்டும்

சாம்பார் வைக்கும்போது பருப்பு, புளி, உப்பு, மிளகாய்ப்பொடி எல்லாவற்றையும் ஆளுக்கு ஒரு கப் என்று சம அளவில் போட்டால் என்ன ஆகும்? வாயில் வைக்க முடியாது. உலோகக் கலவை விஷயத்திலும் உலகம் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. ஒரு உலோகம் தலைவர், மற்றதெல்லாம் தொண்டர்கள். எஃகு என்றால் பெரும்பங்கு இரும்பு, கூடவே துளி கார்பன். 22 காரட் நகை என்றால் 91.6 சதவீதம் தங்கம், மிச்சம்தான் செம்பும் வெள்ளியும். நாலைந்து உலோகங்களைச் சரிசமமாக உருக்கினால் எளிதில் நொறுங்கிவிடும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு.

1981-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏ.ஜே.பி. வின்சென்ட் என்ற இளநிலை மாணவர் இதைச் சோதித்துப் பார்த்தார். வழிகாட்டி பிரையன் கேன்டர். 20 தனிமங்கள், ஒவ்வொன்றும் 5 சதவீதம்! எதிர்பார்த்தபடியே அது நொறுங்குகிற சரக்காகத்தான் வந்தது. ஆனால் குரோமியம், மாங்கனீஸ், இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகிய ஐந்தையும் ஆளுக்கு 20 சதவீதம் சேர்த்த கலவை மட்டும் சண்டை போடாமல் ஒரே சீரான படிகமாக உறைந்தது.

மாணவர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தார். அத்தோடு சரி. 1998-ல், கேன்டர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது, பீட்டர் நைட் என்ற இன்னொரு மாணவர் அதே போன்ற ப்ராஜெக்டைச் செய்தார். ஆய்விதழில் கட்டுரையாக வெளிவந்தது 2004-ல்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 23 வருடம்!

இப்போது விருது விஷயத்துக்கு வரலாம். அறிவியல் கட்டுரைகளுக்கு விருது கொடுக்க ஒரு நடுவர் குழு உட்கார்ந்து படிப்பது ஒரு வழி. எண்ணிப் பார்ப்பது இன்னொரு வழி. ஒரு கட்டுரையை எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணிக்கை அது. இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்ட். பழைய வழக்குகளைப் பின்னால் வந்த தீர்ப்புகள் எங்கெல்லாம் சுட்டுகின்றன என்று வக்கீல்கள் பார்ப்பதற்காக ஒரு அட்டவணை அங்கே உண்டு. அந்த யோசனையை அறிவியலுக்குக் கொண்டுவந்து 1964-ல் 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' வெளியிட்டார். 1977 முதல் 'சைட்டேஷன் கிளாசிக்' என்று ஒரு பகுதி. அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரையை எழுதியவரே அது பிறந்த கதையை அதில் எழுதுவார்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒவ்வொரு கட்டுரைக்கும் பேரேட்டில் ஒரு பக்கம். யாராவது சுட்டினால் ஒரு வரவு. இன்று கிளாரிவேட் நிறுவனம், ஒரே துறையில் ஒரே ஆண்டில் வந்த கட்டுரைகளில் மேற்கோள் எண்ணிக்கையில் முதல் 1 சதவீதத்தை 'அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவை' என்று அறிவிக்கிறது. கடந்த பத்தாண்டுக் கட்டுரைகள் மட்டும்தான் கணக்கில் வரும். உலோகங்களும் கலவைகளும் 'பொருளறிவியல்' என்ற துறைக்குள் அடங்கும். உலோகவியல் இதழ்களை வெளியிடும் பதிப்பகங்களும் இப்படி எண்ணிப் பார்த்துச் சான்றிதழ் தருவதுண்டு.

வின்சென்டின் கலவைக்கு இந்தப் பேரேட்டில் என்ன வரவு? 23 வருடம் பக்கமே திறக்கவில்லை. பிறகு நடந்தது வேடிக்கை. தைவானின் ஜியென்-வெய் யே இதே யோசனையைத் தனியாக எட்டியிருந்தார். அவர் கட்டுரையும் 2004-ல்தான் வந்தது. ஆனால் அவர் ஒரு பெயர் வைத்தார், 'ஹை எண்ட்ரோபி அலாய்'. கேன்டர் குழுவின் தலைப்போ நுண்ணமைப்பு, சம அணுவிகிதம் என்று தூக்கம் வர வைக்கும் ரகம். துறைக்கு நிலைத்தது யே வைத்த பெயர்தான். இந்த இரண்டு கட்டுரைகளுக்கும் முன்பே, 2003-ல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எஸ். ரங்கநாதன் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் இப்படிப்பட்ட பல உலோகக் கலவைகளை அறிமுகம் செய்து ஒரு சின்னக் கட்டுரை எழுதிவிட்டார். அதுவும் பின்னால் நிறைய மேற்கோள்களை வாங்கியது.

உடனே மேற்கோள் மழை கொட்டிவிடவில்லை. 2010-க்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. 2014-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு அமெரிக்கக் குழுவின் கட்டுரை வந்தது. பல எஃகுகள் நொறுங்கிப்போகும் மைனஸ் 196 டிகிரி குளிரில், அந்த ஐந்து உலோகக் கலவையின் வலிமையும் இழுபடும் தன்மையும் கூடின, உடையாமல் தாங்கும் சக்தியும் குறையவில்லை. அதே ஆண்டு சென்னை ஐஐடியில் இருந்த பி.எஸ். மூர்த்தி, யே, ரங்கநாதன் மூவரும் சேர்ந்து இந்தத் துறைக்கு ஒரு புத்தகமே எழுதினார்கள். இன்று 2004-ன் அந்த இரண்டு கட்டுரைகளுக்கும் மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில்.

இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1981-ல் உறைந்த கலவையும் 2014-ல் சோதித்த கலவையும் ஒன்றுதான். அந்த ஐந்து தனிமங்கள், அதே விகிதம். உலோகம் மாறவில்லை. மாறியது பார்த்த கண்களின் எண்ணிக்கை மட்டும். அப்படியானால் மேற்கோள் விருது தரத்தை அளக்கிறதா, கவனத்தை அளக்கிறதா? பெரும்பாலும் இரண்டாவதைத்தான். கவனத்தை விலைக்கும் வாங்கலாம், நண்பர்கள் கூடி மொய் வைப்பது போல மாற்றி மாற்றிச் சுட்டியும் உண்டாக்கலாம். 2023-ல் கிளாரிவேட் தன் 'அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வாளர்கள்' பட்டியலுக்கு வரவேண்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை முறைகேட்டுச் சந்தேகத்தில் நீக்கியது.

அதற்காக எண்ணுவதே தப்பு என்று சொல்லிவிட முடியாது. எண்ணிக்கை இல்லாவிட்டால் பெரிய பதவிக்காரர்களின் சிபாரிசு மட்டும்தான் மிஞ்சும். தைவானிலிருந்து வந்த ஒரு கட்டுரை தலையெடுக்க முடிந்ததே, அதற்கு இந்த வரவுப் பக்கமும் ஒரு காரணம். ஆனால் வரவு விழாத பக்கத்தை வெறும் பக்கம் என்று நினைத்துவிடக் கூடாது.

அந்தக் கலவைக்கு இன்று 'கேன்டர் அலாய்' என்று ஆசிரியரின் பெயர்தான். 2004 கட்டுரையின் நான்கு ஆசிரியர்களில், ஆங்கில அகரவரிசைப்படி, வின்சென்ட் கடைசி. இருந்தாலும் பெயர் இருக்கிறது. அது இருப்பதற்குக் காரணம், 23 வருடத்துக்கு முந்தைய ஒரு மாணவனின் ரிப்போர்ட்டை ஆசிரியர் மறக்காமல் வைத்திருந்ததுதான்.

கடைசி வருட ப்ராஜெக்டை ஸ்பைரல் பைண்டிங் கடையில் கொடுத்துவிட்டு, மார்க் வந்ததும் பழைய பேப்பரோடு போடத் தயாராக இருக்கும் மக்களே... ஒரு காப்பியைப் பத்திரமாக வையுங்கள்!