பொத்துவில் வீதியும் சில்லுக் குண்டுகளும்

அக்கரைப்பற்றிலிருந்து திருக்கோவில், கோமாரி வழியாகப் பொத்துவிலை அடையும் 40 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட வீதியில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. சமதரையில் சைக்கிளோட்டப் பயிற்சி எதற்கு என்று சிலர் வினவலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இவ்வழியே ஒருமுறை மிதித்தவர் அவ்வாறு வினவமாட்டார்.

ஆயினும் காற்றினும் கொடிய பகை மணலே. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் எழுந்த அறுகம்பைப் பாலத்தைக் கடந்து பாணமை வரை சென்று மீண்டால், நுண்மணலும் உப்பும் சில்லின் அச்சினுள் புகுந்துவிடும். கிறீசோடு கலந்த மணல் சாணைக்கல்லுக்கு ஒப்பானது. குண்டுகளையும் அவை உருளும் கோனையும் கிண்ணத்தையும் அரைத்துக் குழியாக்கும். கோனை மலிவாக மாற்றிவிடலாம். கிண்ணம் கெட்டாலோ பெரும்பாலும் ஹப்பையே மாற்ற நேரிடும். கால்கள் மாதக்கணக்கிற் பெற்ற வலிமையைக் கரகரக்கும் அச்சு தின்றுவிடுமன்றோ!

பொத்துவிலில் இளைஞர் ஒருவர் தம் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, குண்டுகளை மண்ணெண்ணெயிற் கழுவக் கண்டோம். முன்சில்லிற்குப் பக்கத்துக்குப் பத்து. பின்சில்லிற்குச் சற்றுப் பெரியவை ஒன்பது. எண்ணித் துடைத்து, புதுக் கிறீசில் ஒவ்வொன்றாகப் பதித்தார். குழாய்நீரை அச்சின்மேற் பீய்ச்சிக் கழுவுவது மணலை உள்ளே தள்ளுவதேயாகும் என்றார். கோனை மிக இறுக்கினால் குண்டு நசுங்கும், தளர்த்தினால் சில்லு ஆடும்; இரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தை விரலே அறியும் போலும். இறுதியில் சில்லை மெல்ல விடுவித்தார். வால்வின் பாரமே அதனைச் சுழற்றிக் கீழே நிறுத்தியது. விளிம்பைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார், ஆடவில்லை.

"நாளை சுபஹுக்குப் பிறகு பாணமைக்கு," என்றார்.