பொருத்தமும் பூச்சும்

மோட்டார்க் கார் ஒன்றைக் காண்போர் முதலிற் காண்பது அதன் நிறத்தையே. தகரவேலை அறிந்தவர் நோக்கு வேறு. கதவுக்கும் மட்காட்டுக்கும் இடையே, பொனற்றுக்கும் அதன் இரு கரைகளுக்கும் இடையே ஓடும் மெல்லிய கருங்கோடுகளையே அவர் கண் தேடும். அக்கோடுகள் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் ஓடுமாயின் வண்டியின் உடல் செம்மையானது. ஓரிடத்தில் ஒடுங்கி ஓரிடத்தில் விரியுமாயின், மேற்பூச்சு எத்துணை மினுங்கினும் உள்ளே எங்கோ ஒரு கோணல் உண்டு என்பது அவர் துணிபு. பழைய கார்களைப் புதுக்கும் தொழிலில் இடைவெளி என்பது வெறுமை அன்று. பல நாள் உழைத்துச் செய்யப்படும் ஒன்று.

மொறிஸ் மைனர் காரின் பிறப்பே இதற்குச் சான்றாகும். 1948இல் இலண்டன் ஏள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான அக்காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். உற்பத்தி தொடங்கவிருந்த வேளையில் மாதிரி வண்டி ஒடுங்கியதாக அவருக்குத் தோன்றிற்று. அதனை நீளவாக்கில் இரண்டாக அறுப்பித்து, இரு பாதிகளையும் சிறிது சிறிதாக விலக்கிப் பார்த்தார். 4 அங்குலம் விலகிய நிலையே கண்ணுக்கு இசைந்தது. பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான புடைப்பு அவ்விரிவின் அடையாளமாக இன்றும் உள்ளது. 1971 வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்களாகப் பெருகிய வடிவம், இவ்வாறு பொருத்திப் பார்த்தலிலேயே தன் நிறைவைக் கண்டது.

அக்கார்களுள் ஒன்று, 1958ஆம் ஆண்டினது, யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரின் தந்தையார் வாங்கியது. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அரிதாகியபோது, குடாநாட்டின் ஏனைய பழைய கார்களைப் போல அதுவும் மண்ணெண்ணெயில் ஓடியது. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு விடப்பட்டது. திரும்பி வந்தபோது சில்லுகள் இல்லை. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிபோன்ற அடிச்சட்டங்களைக் கறல் தின்றிருந்தது. பல ஆண்டுகள் கொட்டிலிற் கிடந்த அதனை, ஓய்வு பெற்றபின் ஆசிரியர் தகரவேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் ஒப்படைத்தார். வெளிநாட்டிலிருந்து தம்பியார் நல்லூர்த் திருவிழாவுக்கு வருமுன் வேலை முடிதல் வேண்டும் என்பது அவர் விருப்பம்.

முதியவரோ மூன்று வாரம் எதையும் வெட்டவில்லை. மொறிஸ் மைனரின் உடலுக்குத் தனியான முழுச்சட்டகம் கிடையாது; தகடுகள் ஒன்றையொன்று தாங்கியே அது நிற்கின்றது. அடிச்சட்டத்தை முன்யோசனையின்றி வெட்டினால் வண்டியின் நடு தாழும். கதவு வாயில் சரியும். பின்னர் எக்கதவும் பொருந்தாது. எனவே அவர் வண்டியை மட்டம் பார்த்துத் தாங்கிகளில் நிறுத்தினார்; கதவு வாயில்களுக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகளை ஒட்டினார்; மூலைக்கு மூலை அளந்து குறித்தார். புதிய சட்டத்தை இடுக்கிகளாற் பிடித்து, ஆங்காங்கே புள்ளிகளாக மட்டும் ஒட்டி, கதவைத் தொங்கவிட்டு, திறந்து பூட்டிப் பார்த்தார். கோடு நேரானபின்னரே முழு ஒட்டும் நடந்தது. அதுவும் ஒரே மூச்சில் அன்று. இங்கொரு அங்குலம், ஆறவிட்டு அங்கொரு அங்குலம். ஓரிடத்தில் மிகும் வெப்பம் மெல்லிய தகட்டை நெளிக்கும் என்பதே காரணம்.

நாட்கள் கடந்தன. ஆசிரியர் பொறுமையிழந்தார். முதியவர் சொன்னார்: “மாஸ்டர், பட்டி அப்பினா ஆவணிக்குத் தரலாம். ரெண்டு மாரி தாங்கும். பிறகு வெடிக்கேக்கை ஆரைக் கேப்பியள்?” ஆசிரியர் பதில் கூறவில்லை. அவ்வாண்டுத் திருவிழா கார் இன்றியே கடந்தது.

இடர் மிகுந்தது இடப்பக்க முன் மட்காட்டில். அதில் ஒரு பள்ளம் இருந்தது. 1960களில் தந்தையார் வாயிற்றூணில் உரசியதால் விழுந்த பள்ளம் அது. அதன் அடிப்பகுதி கறலாகிவிட்டமையால் புதிய மட்காட் ஒன்று வருவிக்கப்பட்டது. அதனைக் கதவோடு பொருத்தினால் பொனற்றோரம் ஒரு விரல் விலகியது. பொனற்றோடு பொருத்தினால் கதவு உரசியது. இதில் வியப்பில்லை. ஒவ்வோர் உடலும் தன் வாழ்நாளில் தனக்கென ஒரு சிறு திரிபைக் கொண்டுவிடுகிறது. புதுத்தகடு அதனை அறியாது. ஈற்றில் முதியவர் பழைய மட்காட்டையே எடுத்தார். கறல் பிடித்த அடியை வெட்டியெறிந்து, புதியதன் அடியை அறுத்து அதனோடு இணைத்தார். ஆனால் பள்ளம் இருக்கும்வரை கதவோரக் கோடு நேராகாது. பள்ளம் தகட்டின் விளிம்பையும் உள்ளே இழுத்து வைத்திருந்தது.

தந்தையார் கை பட்ட தடயமாக எஞ்சியது அப்பள்ளம் ஒன்றே. ஆசிரியர் நெடுநேரம் அதனைத் தடவியவாறு நின்றார். பின்னர், “எடுங்கோ” என்றார்.

உள்ளே ஒரு கையில் இரும்புக் கட்டி, வெளியே மறுகையிற் சுத்தியல். பெரிய அடி ஒன்றும் இல்லை, சிற்றடிகள் நூற்றுக்கணக்கில். அடிக்க அடிக்கத் தகடு மெலிந்து விரியும். விரிந்த இடம் அழுத்தினால் தகரப்பேணிபோல் ‘டொக்’ என்று உள்ளே போய் வெளியே வரும். அவ்விடத்தைச் சிறு வட்டமாகச் சிவக்கக் காய்ச்சி, மெல்லத் தட்டி, ஈரத்துணியால் ஒற்றினால் தகடு சுருங்கும். இறுதியிற் கருமையை மெல்லப் பூசி, தட்டையான கட்டையிற் சுற்றிய அரத்தாளால் தேய்த்தார். மேடு வெளுத்தது, பள்ளம் கறுப்பாகவே நின்றது. கண்ணுக்கு அகப்படாதவற்றை, மெல்லிய துணியொன்றை விரித்து அதன்மேல் உள்ளங்கையை ஓட்டி அறிந்தார். பட்டி வைக்கப்படாமல் இல்லை, அது தாளளவே. கோட்டின் அகலம் 4 மில்லிமீற்றர். பூசவிருந்த நிறத்தின் தடிப்பும் அதிற் கணக்கிடப்பட்டிருந்தது.

மறு ஆண்டு வைகாசியில் வண்டி வீடு வந்தது. அயலார் நிறத்தைப் புகழ்ந்தனர். ஆசிரியர் குனிந்து மட்காட்டின் உட்புறத்தைத் தடவினார். வெளியே இல்லாத பள்ளத்தின் இடத்தில், உள்ளே சுத்தியலின் சிறு தழும்புகள் நெருங்கிக் கிடந்தன. பின்னர் கதவைத் திறந்து, அதன் பிடியைச் சற்று மேலே தூக்கிப் பூட்டினார். மட்காட்டோடு உரசும் அக்கதவைத் தூக்கித்தான் பூட்டவேண்டும் எனத் தந்தையார் பழக்கியிருந்தார். அவ்வீட்டார் யாவரும் அவ்வாறே பூட்டி வந்தனர்.

இப்போது அது தேவையில்லை. தூக்கிய கையிற் கதவு எதிலும் உரசாமல் அமர்ந்தது.