டிஸ்பிளே வரலையா? பிராசஸரைத் திட்டாதீர்கள்

நின்றுபோன பழைய இரட்டைப் பிராசஸர் மதர்போர்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வாசலிலேயே தீர்ப்பையும் சொல்லிவிடுவார்கள்: "ரெண்டுல ஒரு பிராசஸர் போயிடுச்சுண்ணா." பெரும்பாலும் அது தவறு. அந்தப் போர்டில் கடைசியாகச் சாகிற உறுப்பு பிராசஸர்தான். அதற்கு முன்னால் எஸ்எம்பிஎஸ், கெபாசிட்டர், ஃபேன், ரேம் ஸ்லாட்டில் படிந்த அழுக்கு என்று ஒரு வரிசையே காத்துக்கிடக்கிறது. மின்சாரம், தொடுப்பு, செட்டிங், கடைசியில்தான் சிப். இந்த வரிசையைக் கலைக்காமல் இறங்கிப் போகிற பொறுமை இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நான் இருப்பது கூரத்தில். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்றால் வைணவர்களுக்குத் தெரியும். பரமேசுவரவர்ம பல்லவனின் கூரம் செப்பேடு என்றால் வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். ஆழ்வான் தம் மாளிகைக் கதவை இரவில் சாத்தும் ஓசை காஞ்சி வரதர் கோயில் வரை கேட்டது என்று கதை சொல்லுவார்கள். நான் அடிக்கடி பார்க்கிற ஒரு பெட்டியின் ஃபேன் சத்தமும் கிட்டத்தட்ட அந்த ரகம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிற ஒருவருடைய பெட்டி அது. சென்னையில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டதை வாங்கி வந்திருக்கிறார். உள்ளே இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் போர்டு, இரண்டு ஸ்லாட், இரண்டு பென்டியம் 2, விண்டோஸ் 2000.

அதில் நடக்கிற வேலை இதுதான். பார்டரிலும் முந்தானையிலும் வரவேண்டிய அன்னம், யாளி, ருத்ராட்சம் எதுவானாலும் கையால் வரைந்ததை ஸ்கேன் செய்து, நிறங்களைக் குறைத்து, கிராஃப் கட்டங்களாக மாற்ற வேண்டும். பிறகு அந்தக் கட்டங்களின்படி அட்டை குத்தும் இயந்திரம் துளை போடும். ஊடைக்கு ஓர் அட்டை என்பதால் பெரிய முந்தானைக்கு அட்டைக்கட்டு தறிக்கு மேலே மாலை மாலையாகத் தொங்கும். ஒரு துளை தப்பினால், அந்த அட்டை வரும்போதெல்லாம் புடவையில் ஒரு புள்ளி தப்பும். பிரான்சில் ஜக்கார் 1804-இல் கொண்டுவந்த துளையட்டைதான் பின்னால் கணினிக்கு வந்த துளையட்டைக்கு முன்னோடி. இங்கே கணினி திரும்பி வந்து தறிக்கு அட்டை குத்திக் கொடுக்கிறது.

"புதுசா ஒண்ணு வாங்கிடலாமே" என்று நான் சொல்லாமல் இல்லை. அட்டை குத்தும் இயந்திரத்தின் கன்ட்ரோலர் கார்டு ஐஎஸ்ஏ ரகம். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் போர்டுகளில் அந்த ஸ்லாட்டே கிடையாது. மென்பொருளின் பூட்டு பிரிண்டர் போர்ட்டில் சொருகுவது. மதர்போர்டை மாற்றினால் கார்டை, கார்டை மாற்றினால் இயந்திரத்தை என்று அது லட்சங்களில் போய் நிற்கும். ஆகவே போர்டை உயிரோடு வைத்திருப்பதுதான் சிக்கனம். பழைய பொருள் மீதான பாசம் எல்லாம் அப்புறம்.

இரண்டு பிராசஸர் இருந்தால் எல்லாம் இரண்டு மடங்கு வேகம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஒரு நிரலை இரண்டு பேரும் பங்குபோட்டுச் செய்யும்படி எழுதியிருந்தால்தான் அது நடக்கும். 2004-இல் சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் கப்ரு என்ற கணினித் தொகுப்பை நிறுவினார்கள். 144 கணினிகள், ஒவ்வொன்றிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஜியான் பிராசஸர் இரண்டு. இயற்பியல் கணக்கைத் துண்டு துண்டாக்கி 288 பிராசஸருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். நம் டிசைன் மென்பொருளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, ஒரு பிராசஸரில்தான் ஓடும். ஆனால் ஒரு முந்தானைக்கு நிறம் குறைக்கும் கணக்கு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் பார்டரை வரைந்துகொண்டிருக்கலாம், மவுஸ் திக்காது. இந்தப் போர்டின் சுகம் அவ்வளவுதான். அந்தச் சுகத்துக்காகவே 1999-இல் அபிட் நிறுவனத்தின் பிபி6 போர்டை வாங்கி இரண்டு மலிவு செலரான்களை மாட்டியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். 2005-இல் ஒரே சிப்பில் இரண்டு கோர் வந்ததும் வீட்டுக் கணினியில் இரட்டைப் பிராசஸர் போர்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இனி அப்கிரேடு. இங்கேதான் ஆட்கள் பணத்தைத் தொலைக்கிறார்கள். ஸ்லாட்டில் பொருந்துகிறது என்பதற்காக பிராசஸர் ஓடிவிடாது. பிற்காலப் பென்டியம் 2-க்கும் பென்டியம் 3-இன் முதல் தலைமுறையான காட்மைக்கும் சுமார் 2 வோல்ட் போதும். அடுத்து வந்த காப்பர்மைன் 1.65 வோல்ட் அளவில் கேட்கும். ஆரம்பகாலப் போர்டுகள் பலவற்றில் வோல்டேஜ் ரெகுலேட்டர் 1.8-க்குக் கீழே இறங்கத் தெரியாதது. காப்பர்மைன் தனக்கு வேண்டிய வோல்டேஜைப் பின்கள் வழியாகச் சொல்லும். ரெகுலேட்டருக்கு அந்தப் பாஷை புரியாமல் வாயை மூடிக்கொள்ளும். ஃபேன் சுற்றும், டிஸ்பிளே வராது. உடனே "பிராசஸர் டெட்" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஆகவே வாங்கப் போகுமுன் போர்டின் ரிவிஷன் எண்ணைப் பாருங்கள். ரெகுலேட்டர் சிப்பின் மேலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு அதன் டேட்டாஷீட்டில் குறைந்தபட்ச வோல்டேஜைப் படியுங்கள். பயாஸ் அப்டேட் பிராசஸருக்குப் பெயர் வைக்குமே தவிர வோல்டேஜ் ஊட்டாது.

அடுத்தது ஜோடிப் பொருத்தம். 600 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 என்று கேட்டால் சென்னை ரிட்சி தெருவில் நான்கு விதம் கிடைத்தது. வெறும் 600 என்றால் காட்மை. இ என்ற எழுத்து இருந்தால் காப்பர்மைன். பி என்றால் 133 மெகாஹெர்ட்ஸ் பஸ். இரண்டு எழுத்தும் சேர்ந்தும் உண்டு. 440பிஎக்ஸ் அதிகாரபூர்வமாக 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்தான். ஒன்று காட்மை, ஒன்று காப்பர்மைன் என்று மாட்டினால் குடித்தனம் நடக்காது. உறையின் மேல் எஸ்எல் என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறி இருக்கும். இரண்டிலும் அது ஒன்றாக இருந்துவிட்டால் தலைவலி இல்லை. காப்பர்மைன் வகைச் செலரானை மலிவு என்று ஜோடியாக வாங்கிவிடாதீர்கள். அதில் இரட்டையாக ஓடும் வசதியை இன்டெல்லே அடைத்துவிட்டது.

ஒரு பிராசஸரைக் கழற்றிச் சோதிக்கும்போது காலி ஸ்லாட்டைச் சும்மா விடக்கூடாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பஸ்ஸின் இரண்டு முனையும் மின்தடைகளில் முடிய வேண்டும். ஸ்லாட் 1-இல் அந்தத் தடைகள் பிராசஸர் அட்டையிலேயே இருக்கின்றன. அட்டையை உருவினால் முனை திறந்துவிடும், சிக்னல் மோதித் திரும்பும், போர்டு தாறுமாறாக நடந்துகொள்ளும். அதற்காகத்தான் சிப் ஏதுமற்ற டெர்மினேட்டர் கார்டு ஒன்று போர்டோடு கொடுத்திருப்பார்கள். எதற்கும் உதவாத பச்சை அட்டை என்று முதலில் குப்பைக்குப் போவது அதுதான். அது இல்லாமல் இரண்டு பிராசஸரையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற சோதனைக்கு அர்த்தமே கிடையாது.

சரி, போர்டு நின்றுவிட்டது. எங்கே தொடங்குவது? சுவரில். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எங்கள் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் எர்த் கம்பி எங்கே முடிகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. 2012 மின்வெட்டுக் காலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் போன எஸ்எம்பிஎஸ்களை இன்னும் மூட்டையாக வைத்திருக்கிறேன்.

எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்தக் காலத்துப் போர்டுகள் பிராசஸருக்கு 12 வோல்ட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும். அந்தக் காலத்து ஸ்லாட் 1 போர்டுகள் 5 வோல்ட் லைனிலிருந்து எடுத்தன. புது எஸ்எம்பிஎஸ்ஸின் மேலே 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கும். ஸ்டிக்கரைக் கிட்டத்தில் படித்தால் சக்தி எல்லாம் 12-இல் இருக்கும், 5 வோல்ட்டில் சொற்பம். இரண்டு பிராசஸரும் மும்முரமாகும் நேரத்தில் 5 வோல்ட் 4.75-க்குக் கீழே சரியும், மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஆகவே மொத்த வாட்டைப் பார்க்காதீர்கள், 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்னொன்று: 20 பின் கனெக்டரில் வெள்ளை வயர் மைனஸ் 5 வோல்ட். புது எஸ்எம்பிஎஸ்களில் அந்த இடம் காலி. பல ஐஎஸ்ஏ கார்டுகளுக்கு அது தேவையில்லை, சிலவற்றுக்குத் தேவை. பிள்ளையார்பாளையத்து கன்ட்ரோலர் கார்டுக்குத் தேவை.

மின்சாரம் ஒழுங்காக வந்தால் அடுத்து கெபாசிட்டர். பிராசஸர் ஸ்லாட்டை ஒட்டி வரிசையாக நிற்கிற உருளைகளின் தலையை விரலால் தடவிப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, காலடியில் பழுப்புக் கறை இருந்தாலோ ஆள் காலி. மோசமான எலக்ட்ரோலைட்டால் 2000-களின் தொடக்கத்தில் உலகெங்கும் போர்டுகள் செத்த கதை தெரிந்ததுதான். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், வோல்ட் அதே அல்லது மேலே, 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் வகை. சாதாரண ரேடியோ கெபாசிட்டரைப் போட்டால் கொஞ்ச நாள் ஓடி ஏமாற்றும். போர்டுக்குள் பல அடுக்குச் செம்பு இருப்பதால் கிரவுண்டு கால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். 25 வாட் சால்டரிங் அயர்னால் ஈயம் உருகாது, 60 வாட் வேண்டும். உருகுமுன் இழுத்தால் துளைக்குள்ளிருக்கும் செம்பு வளையமும் கூடவே வந்துவிடும், அதோடு போர்டு முடிந்தது. போர்டில் அச்சடித்த வட்டத்தில் வெள்ளை நிரப்பிய பக்கம் சில கம்பெனிகளுக்கு நெகட்டிவ், சிலவற்றுக்கு பாசிட்டிவ். பழைய கெபாசிட்டர் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று கழற்றுமுன் போட்டோ எடுத்துக்கொள்வது உத்தமம்.

காஞ்சிபுரத்துக்கே உரிய கோளாறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தறி உள்ள வீட்டில் பட்டுப் பிசிறு ஃபேனில் சுற்றிக்கொண்டு சூட்டைக் கூட்டும்; பிரஷ்ஷும் ப்ளோயரும் போதும், அது சுலபம். ஜரிகைதான் வில்லங்கம். பட்டு இழையின் மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றித் தங்க முலாம் பூசியது ஜரிகை; மின்சாரம் அதில் தாராளமாகப் பாயும். அரை அங்குலத் துண்டு ஒன்று ஐஎஸ்ஏ ஸ்லாட்டின் பின்களுக்கு நடுவே விழுந்துவிட்டால் போதும், பூட் ஆகும்போது கோளாறு எண்ணைக் காட்டும் போஸ்ட் கார்டை மாட்டினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் காட்டும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மினுங்கும். ப்ளோயர் அடித்தால் இன்னும் உள்ளே போகும், முள்வாங்கியால் எடுக்க வேண்டும்.

ரேம் பற்றி ஒரே வார்த்தை. 440பிஎக்ஸுக்கு 256 எம்பி குச்சி வாங்கினால் 16 சிப் உள்ளதாக வாங்குங்கள். எட்டு சிப்பில் அடைத்தது பாதிதான் காட்டும், அல்லது காட்டவே காட்டாது. தொடுமுனைகளை அழிரப்பரால் தேய்ப்பது பள்ளிக்கூட வைத்தியம்தான், ஆனாலும் வேலை செய்கிறது.

எல்லாம் சரியாகி விண்டோஸ் எழும்பியபின், "டாஸ்க் மேனேஜர்ல ஒரே கிராஃப்தான் தெரியுது" என்று போன் வரும். ஒரு பிராசஸர் மட்டும் இருந்தபோது விண்டோஸ் 2000-ஐ நிறுவியிருந்தால் அப்படித்தான். டிவைஸ் மேனேஜரில் கம்ப்யூட்டர் என்ற தலைப்பின் கீழ் ஏசிபிஐ யூனிபிராசஸர் என்றிருப்பதை மல்டிபிராசஸர் என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் இரண்டாவதும் விழித்துக்கொள்ளும். ஸ்டாண்டர்டு பிசி என்றிருந்தால் அதைத் தொடாதீர்கள், மாற்றினால் பூட் ஆகாமல் போகலாம். புதிதாக நிறுவுவதே நல்லது. விண்டோஸ் 98 என்றால் இரண்டாவது பிராசஸர் வாடகை கொடுக்காத குடியாளாகத்தான் உட்கார்ந்திருக்கும். லினக்ஸ் 1996-இல் வந்த 2.0 கெர்னலிலிருந்தே இரட்டையை ஏற்றுக்கொள்ளும்.

பிள்ளையார்பாளையத்துப் பெட்டியில் பென்டியம் 2-ஐ எடுத்துவிட்டு ஒரே குறியுள்ள இரண்டு காட்மைகளைப் போட்டு, அதோடு நிறுத்திக்கொண்டோம். அடாப்டர் வைத்து இன்னும் மேலே ஏற்ற வழி உண்டு. "அட்டை குத்துற மெஷின் அதைவிட வேகமா குத்தாதே தம்பி" என்றார் அவர். நியாயம்தான்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் இப்படி ஒரு போர்டு கிடந்தால் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போட்டே ஆகவேண்டும் என்றால், ஜோடிப் பிராசஸரைப் பிரிக்காமல், அந்தப் பச்சை டெர்மினேட்டர் கார்டையும் சேர்த்து, பழைய கணினி பழுதுபார்க்கிற யாரிடமாவது கொடுங்கள். தறி வைத்திருக்கிற ஏதோ ஒரு வீட்டுக்கு அது தேவைப்படும்.