உறையில் ஒரு நிலா

சனிக்கிழமைகளில் எங்களுக்கு ஏழு மணிக்கே வேலை தொடங்கிவிடும். தேவாலய மண்டபத்தில் வாங்குகளை இழுத்துப் போட்டு, பிரஷர் மெஷினுக்கு பற்றரி மாத்தி, நம்பர் துண்டு குடுக்க வேண்டும். சின்ன ஜெபம் முடிய டொக்டர் வருவார். எங்களில் பாதிப்பேர் சைவம். ஜெபத்துக்கு நாங்களும் எழும்பி நிற்போம், ஒருத்தரும் ஒன்றும் கேட்பதில்லை.

போன மாதம் ஒரு அம்மம்மா வந்தா. சீனி வருத்தம். குளிசை ஒழுங்காகப் போடுறீங்களோ என்று கேட்டோம்.

“ஓம் பிள்ளையள், இரவில ரெண்டையும் ஒண்டாப் போடுறன். விடியப்புறம்தான் ஒரே வேர்வையும் நடுக்கமும்.”

காலையில் ஒன்று, இரவில் ஒன்று போட வேண்டியது. சீனி இறங்கியிருக்கு. உறையை வாங்கிப் பார்த்தோம். எல்லாம் இங்கிலிஷ். எழுதினது நாங்கள்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர், மருத்துவ நூல்களைத் தமிழாக்கியவர். பள்ளிக்கூடத்தில் இதைப் பாடமாக்கிப் புள்ளியும் எடுத்திருக்கிறோம்!

இப்ப உறையில் தமிழில் எழுதி, பக்கத்தில் சூரியனும் நிலாவும் கீறுகிறோம். எங்களில் ஒருத்தியின் நிலா வாழைப்பழம் மாதிரி இருக்கும்.

அம்மம்மாவுக்கு அன்றைக்கே புது உறை எழுதிக் குடுத்தோம். இந்த மாத கிளினிக்குக்கு அவ வரவில்லை. பின்னேரம் வீட்டை போய்ப் பார்க்க இரண்டு சைக்கிள் ஒழுங்கு செய்திருக்கிறோம்.