இரும்புக்கை மாயாவியும் தமிழ் வாசகரும்

இலக்கியம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் சங்கப் பாடல்களும் காப்பியங்களும் நம் நினைவில் எழுகின்றன. அது முறையே. எனினும், ஒரு மொழியில் வாசிப்பைப் பரப்பியவை எவை என்று கேட்டால், உயர்ந்த நூல்களோடு பெட்டிக்கடைகளில் தொங்கிய மெல்லிய ஏடுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அத்தகைய ஏடுகளுள் ஒன்றான முத்து காமிக்ஸையும், அதன் தலைமகனாகிய இரும்புக்கை மாயாவியையும் பற்றி இக்கட்டுரையில் சில கருத்துகளைக் கூற விழைகிறோம்.

இரும்புக்கை மாயாவி பிறந்த இடம் இங்கிலாந்து. 1962-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தொடங்கிய 'வேலியண்ட்' என்னும் வார இதழில் அவன் முதன்முதலில் தோன்றினான். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்த லூயிஸ் கிராண்டேல், ஒரு விபத்தில் தன் வலக்கையை இழக்கிறான். அவ்விடத்தில் எஃகுக் கை பொருத்தப்படுகிறது. பின்னர் மின்சாரம் தாக்கும்போதெல்லாம் அவன் உடல் மறைந்து, எஃகுக் கை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. தொடக்கத்தில் தீய வழியில் சென்ற அவன், பின்னர் உளவுத்துறையில் சேர்ந்து நல்லோர்க்குத் துணையாகிறான். கென் புல்மர் முதலிலும் டாம் டல்லி பின்னரும் எழுதிய இக்கதைகளுக்கு, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ உயிர் கொடுத்தார்.

பிறந்த நாட்டில் அவன் வாழ்வு நெடிதன்று. 1970-களின் முற்பகுதியோடு புதிய கதைகள் நின்றன. 1976-இல் 'வேலியண்ட்' இதழும் நின்றது. ஆனால், அங்கே விளக்கு அணையும் தறுவாயில் இங்கே, நம் சிவகாசியில், புதிய விளக்கு ஏற்றப்பட்டது. எம். சௌந்திரபாண்டியன் நிறுவிய முத்து காமிக்ஸ், 1972-ஆம் ஆண்டு ஜனவரியில் 'இரும்புக்கை மாயாவி' என்னும் பெயரையே தாங்கித் தன் முதல் இதழை வெளியிட்டது. 'பாம்புத் தீவு', 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்' எனக் கதைகள் தொடர்ந்தன. லாரன்ஸ்–டேவிட் இணையரும் ஜானி நீரோவும் உடன் வர, மாயாவியையும் சேர்த்து வாசகர் இவர்களை 'மும்மூர்த்திகள்' என்றே அன்புடன் அழைக்கலாயினர்.

1984-ஆம் ஆண்டு தமிழ்ப் பட ஏடுகளின் வரலாற்றில் சிறப்பிடம் பெற்றது. அவ்வாண்டு ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே மாதத்தில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வெளிவந்தது. லயன் காமிக்ஸ் அறிமுகம் செய்த நாயகருள் ஒருவன் ஸ்பைடர். அவன் கதைகளுட் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938-இல் உலகம் கண்ட சூப்பர்மேனை ஜோ ஷூஸ்டருடன் சேர்ந்து படைத்தவர் இவரே. அந்தச் சூப்பர்மேனின் உரிமையை அவ்விருவரும் வெறும் 130 டாலருக்கு விற்றனர் என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி. உலகப் புகழ் பெற்ற அப்படைப்பாளியின் பிற்காலக் கதைகளைத் தமிழ்ச் சிறுவர்கள் அவர் பெயரே அறியாமல் படித்து மகிழ்ந்தனர்.

ராணி காமிக்ஸ் 500 இதழ்களைக் கண்டு 2005-இல் நின்றது. முத்துவும் லயனும் இடையில் தளர்ந்தன. இதழுக்கும் இதழுக்கும் இடைவெளி நீண்டது. ஆயினும் 2012 ஜனவரியில் லயன் சிறப்பிதழ் ஒன்றோடு மறுமலர்ச்சி பெற்றது. பழைய மங்கிய தாளுக்கு மாற்றாக வழவழப்பான தாளும் முழு வண்ணமும் வந்தன. மாயாவியின் பழைய கதைகளும் மறுபதிப்புக் கண்டன. 2022-இல் முத்து காமிக்ஸ் தன் பொன்விழாவைக் கண்டது. பிறந்த நாட்டில் பத்தாண்டு அளவே வாழ்ந்த ஒரு நாயகன், வந்தேறிய மொழியில் ஐம்பதாண்டுகளைக் கடந்து நிற்கிறான்.

இது தமிழுக்கு மட்டும் உரிய வியப்பன்று. 1936-இல் அமெரிக்க நாளிதழ்களில் தோன்றிய லீ ஃபாக்கின் முகமூடி வீரன், ஆஸ்திரேலியாவில் 1948 முதலும் ஸ்வீடனில் 1950 முதலும் தனி இதழ் பெற்று நிலைத்தான். நாயகன் எங்குப் பிறந்தான் என்பதைவிட, எந்த மொழி அவனைத் தன் பிள்ளையாக எடுத்து வளர்த்தது என்பதே அவன் ஆயுளை வரையறுக்கிறது என்பது நம் துணிபு.

அவ்வாறாயின் தமிழ் அவனை எவ்வாறு எடுத்து வளர்த்தது? விடை அவன் பெயரிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அக்கதையின் பெயர் எஃகு நகம் என்னும் பொருளே தரும். சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் அது உயிரற்ற தலைப்பாகியிருக்கும். 'எஃகு' புறநானூற்றுக்குப் பழகிய சொல்லேயாயினும் தெருவில் புழங்குவது 'இரும்பு'. 'மாயாவி' என்பதோ நம் பாட்டிமார் கதைகளில் பழகிய சொல். இரண்டையும் இணைத்து, 'இரும்புக்கையை உடைய மாயாவி' என விரியும் தொகையை உருவாக்கினார்கள். 'இரும்புக்கை' மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, 'உறைபனி' வினைத்தொகை, மாயாவி பணியாற்றும் உளவுப் படைக்கு வழங்கிய 'நிழற்படை' என்னும் பெயரில் நிழல் என்பதன் லகரம் றகரமாகத் திரிந்த புணர்ச்சி. ஸ்பைடர் கதைக்கு வைத்த 'எத்தனுக்கு எத்தன்' என்ற தலைப்பு மக்கள் வழக்கிலிருந்தே எடுத்தது. நன்னூல் வகுப்பில் இவற்றைக் காட்டாகச் சொல்லும்போது மாணவர் முகங்கள் மலர்வதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

வகுப்பறைக்கு வெளியே இவற்றின் ஆற்றலை அமிர்தியில் கண்டோம். சவ்வாது மலையின் அடிவாரத்தில், வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், காடும் நீர்வீழ்ச்சியும் வன உயிரியல் பூங்காவும் சூழ அமைந்த ஊர் அது. நம் மாணவர்களின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக ஏழு நாள்கள் அங்குத் தங்கினோம். மாலை வேளைகளில் மலைவாழ் மக்களின் பிள்ளைகளைக் கூட்டி நூல் படிக்கச் செய்தோம். அவர்களுட் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிபவர்கள். நாம் கொண்டு சென்ற நீதிக்கதை நூல்கள் ஒரு பக்கமும், மாயாவியின் மறுபதிப்பு ஏடுகள் சில ஒரு பக்கமும் இருந்தன. பிள்ளைகளின் கை எப்பக்கம் நீண்டது என்பதை விளக்க வேண்டியதில்லை.

'பாம்புத் தீவு' என்னும் தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்த ஒரு சிறுமி, தீவு என்றால் என்ன என்று கேட்டாள். அவள் கடலைக் கண்டதில்லை. நம் மாணவர் படத்தைக் காட்டி விளக்க முற்படுமுன் அருகிலிருந்த சிறுவன், "ஆத்து நடுவுல திட்டு இருக்கும்ல, அது மாதிரிதான்" என்றான். எந்த அகராதியும் அவளுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. இன்னொரு சிறுவன் முதலிரு நாள்களும் படங்களை மட்டுமே புரட்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் 'டமால்', 'ஐயோ' ஆகிய பெரிய எழுத்துகளை உரக்கப் படித்தான். முகாம் முடியும் நாளில் மாயாவி பேசும் ஒரு முழுத் தொடரைத் தானே படித்துத் தன் தங்கைக்குச் சொன்னான்.

இந்நிலையில், "கல்லூரித் தமிழ்த்துறை அலமாரியில் பொம்மைப் புத்தகத்துக்கு இடம் வேண்டுமா?" என்று நம் பெரியோர் சிலர் வினவுகின்றனர். அவ்வினாவில் தமிழ்மீதுள்ள அக்கறை இருப்பதை நாம் மதிக்கிறோம். மறுமொழியாக ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். அமீர் ஹம்சாவின் வீரக்கதையைப் படங்களாக வரையச் செய்தவர் பேரரசர் அக்பர். துணியில் ஏறத்தாழ 1400 பெரிய ஓவியங்கள். ஒரு புறம் படம், மறுபுறம் கதை. அப்பணி நிறைவேற ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. இன்று எஞ்சியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. அரண்மனைச் செல்வத்துக்கே அந்நிலை என்றால், மலிவுத் தாளில் அச்சான ஏடுகளின் நிலை என்னாகும்?

நம் ஊரில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் உழைத்த பெரியவர் ஒருவர், கூலியில் மிச்சம் பிடித்து நாற்பதாண்டுகள் இவ்வேடுகளைச் சேர்த்திருந்தார். பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு விட்ட தமக்குத் தமிழ் படிக்கத் தந்தவை இவையே என்று நம்மிடம் கூறுவார். அவர் மறைந்தபின் அவை பழைய காகிதக் கடைக்குச் செல்லவிருந்தன. குடும்பத்தார் பெருந்தன்மையுடன் நம் துறைக்கு அளித்தனர். இரண்டு தகரப் பெட்டிகள். பல இதழ்களுக்கு அட்டையில்லை. சிலவற்றைப் பூச்சி அரித்துவிட்டது. தாள்கள் பழுத்து, தொட்டால் நொறுங்குகின்றன.

கோட்டையூர் ரோஜா முத்தையா என்னும் தனி ஒருவர், பிறர் வேண்டாமென ஒதுக்கிய துண்டறிக்கைகளையும் சேர்த்து வைத்தார். அதுவே 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்று, இன்று உலக அறிஞர்களை ஈர்க்கிறது. அந்த அளவுக்கு நம்மால் இயலாதிருக்கலாம். இரண்டு பெட்டிகளைக் காப்பது இயலும். ஆண்டு, இதழ் எண், கதைத் தலைப்பு ஆகியவற்றைப் பட்டியலிடுவதும், நொறுங்கும் பக்கங்களைப் படியெடுத்து வைப்பதும், அவற்றின் மொழிபெயர்ப்புத் தமிழை ஆராய்வதும் நம் மாணவர் செய்யத்தக்க பணிகள். மறுபதிப்புகளை வாங்கி மலையூர்ப் பள்ளிகளுக்கு அனுப்புவது நம் சமுதாயப் பெரியோர் செய்யத்தக்க அறம்.

வீட்டுப் பரணில் இத்தகைய ஏடுகளை வைத்திருப்போர் அவற்றை எடைக்குப் போடுமுன் நம் துறைக்கு ஒரு சொல் தெரிவிக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம். அட்டை கிழிந்திருந்தாலும் குற்றமில்லை. உள்ளே தமிழ் இருக்கிறது.