ஜெபம் பண்ணுதேன் ய்யா

டிஸ்கி: மதத்தை வளர்க்கவோ தேய்க்கவோ எழுதின பதிவு இல்லை இது. எங்க வீட்டில் பிள்ளையார், முருகன், நெல்லையப்பர் வகையறா. நான் எந்தப் பக்கமும் ரொம்பச் சாயாத ஆள். சண்டை போட வந்தவங்க அடுத்த பதிவுக்கு வாங்க :-)

பாளையங்கோட்டையில் வளர்ந்தவனுக்கு ரெண்டு விஷயம் தானாப் பழகிடும். ஒண்ணு வெயில். இன்னொண்ணு, "ஒனக்காக ஜெபம் பண்ணுதேன் ய்யா". பக்கத்து வீட்டு டீச்சர், மாவு மில்லில் வரிசையில் நிக்கிற அத்தை, ஊசி போடுற நர்ஸ் அக்கான்னு யார் வேணா சொல்வாங்க. பரீட்சையா, காய்ச்சலா, வேலை கிடைக்கலையா, எல்லாத்துக்கும். எங்கம்மா "சரி டீச்சர், பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு பிள்ளையாருக்கும் விளக்கு ஏத்திடுவாங்க. ரெண்டு ஆபீஸிலும் மனு போட்டு வைக்கிறது நல்லதுதானே!

மைக் பிடிச்சுப் பேசுறது பெரும்பாலும் ஆண்கள். மேடை, ஸ்பீக்கர், எதிரே கூட்டம். யாரும் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்க மாட்டாங்க. இந்த அத்தைகளுக்கு அந்த வசதி கிடையாது. "போங்கக்கா, வேலையைப் பாருங்க"ன்னு எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லலாம். மறுநாள் அதே குழாயடியில் அதே மூஞ்சியைப் பார்க்கணும். என்னைக் கேட்டா, இதுக்குத்தான் தைரியம் ஜாஸ்தி வேணும்.

பைபிளிலேயே இது இருக்கு. யோவான் 4ஆம் அதிகாரத்தில் நடுப்பகல்ல தண்ணி எடுக்க வர்ற சமாரியப் பெண். அஞ்சு புருஷன் இருந்தவங்க, ஊர்ல எப்படிப் பேசியிருப்பாங்கன்னு சொல்லவே வேண்டாம். கிணத்தடியில் பேச்சு முடிஞ்சதும் குடத்தை அங்கேயே விட்டுட்டு அதே ஊருக்குள்ள போய் விஷயத்தைச் சொல்றாங்க. அந்தக் குடம் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

எங்க ஊர் சபைக் கதையும் ஒரு பெண்ணில்தான் ஆரம்பிக்குது. குளோரிந்தா, மராத்தி பிராமண விதவை. லிட்டில்டன்னு ஒரு ஆங்கிலேய அதிகாரியோட வாழ்ந்தவங்க. அதைக் காரணமாச் சொல்லி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் தர மறுத்துட்டார். அதிகாரி இறந்த பிறகு, 1778ல் கொடுத்தார். 1780ல் அந்தச் சபையில் மொத்தமே 40 பேர். இவங்க கட்டின கோயில் 1785ல் பிரதிஷ்டை ஆச்சு. இன்னிக்கும் எங்க ஊரில் அது பாப்பாத்தி அம்மாள் கோயில்தான். அப்புறம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'பைபிள் உமன்'னு சொல்லப்பட்டவங்க வீடு வீடாப் போனாங்க. வாசல் தாண்டாத பெண்களிடம் திண்ணையிலும் அடுக்களையிலும் உட்கார்ந்து பேசி, கூடவே எழுத்தும் சொல்லிக் கொடுத்தாங்க. மாவு மில் அத்தைக்கு இவ்வளவு நீளமான பாரம்பரியம் இருக்கு.

சரி, நிகழ்காலத்துக்கு வருவோம். சென்னையில் எங்க டீமில் டெஸ்டிங் பாக்குற அக்கா ஒருத்தங்க, நாசரேத் பக்கம். ரிலீஸ் நல்லபடியா முடிஞ்சா மேனேஜர் "லக்"னு சொல்வார். இவங்க சத்தமில்லாம "கர்த்தர் கிருபை"ம்பாங்க. உடனே ரெண்டு பேர் நமட்டுச் சிரிப்பு சிரிப்பாங்க. ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குப் பொட்டு வைக்கும்போது யாரும் சிரிக்கிறதில்லை என்பதை நான் கவனிச்சிருக்கேன். "மதம் மாத்த ஆரம்பிச்சுட்டாங்கய்யா"ன்னு அவங்க காதுபடவே ஒருத்தன் சொன்னான். சட்டப்படி பார்த்தா, அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருது. அது மதம் மாற்றும் உரிமை ஆகாதுன்னு 1977ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அக்கா இதெல்லாம் படிச்சாங்களான்னு தெரியாது. ஆனா எப்பவும் கேட்டுட்டுத்தான் செய்வாங்க.

அப்பாவுக்கு பைபாஸ்னு முடிவானப்போ டீ குடிக்கிற இடத்தில் கேட்டாங்க. "தம்பி, அப்பா பேர் என்ன? ஜெபம் பண்ணட்டுமா?"

"பண்ணுங்கக்கா"ன்னேன்.

ஆபரேஷன் முடிஞ்ச ஆறாவது நாள் அப்பா போயிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிச்சுட்டு ஆபீஸ் வந்தேன். அதுக்குள்ள காரணம் சொல்லாத ஆளில்லை. விதி, ஜாதகம், "அவ்வளவுதான் ஆயுசு". துக்கத்துக்கு வந்த ஒரு அம்மா, "ஆண்டவரை நம்பியிருந்தா பிழைச்சிருப்பார்"னு எங்கம்மாகிட்டயே சொன்னாங்க. அதை விசுவாசம்னு சொல்ல எனக்கு வாய் வரல, கல்நெஞ்சுன்னுதான் வருது. அந்தக் கோபமும் சேர்ந்து, கேன்டீனில் அக்காவைப் பார்த்ததும் கேட்டுட்டேன்.

"ஜெபம் பண்ணீங்களேக்கா, என்னாச்சு?"

பக்கத்து டேபிளில் நாலு பேர் திரும்பினாங்க. அக்கா டிபன் பாக்ஸை மூடி வச்சாங்க.

"பண்ணினேன் தம்பி, ஆறு நாளும் பண்ணினேன். ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியல. எங்க வீட்டுக்காரர் போனப்பவும் கேட்டேன், இன்னும் பதில் வரல. ஆனாலும் அவர்கிட்டதான் கேக்கேன். வேற யார்கிட்ட கேக்க?"

அவங்க வீட்டுக்காரர் இல்லைங்கிறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். மூணு வருஷம் பக்கத்து சீட்!

அந்தப் பதிலில் வசனம் இல்லை, எனக்கு அழைப்பும் இல்லை. ஆனா சிரிச்ச ஆட்களும் உட்கார்ந்திருந்த இடத்தில், தான் நம்புறதையும் தனக்குத் தெரியாததையும் ஒரே மூச்சில் சொல்லிட்டாங்க. இதுக்கு மேல ஒரு பிரசங்கத்தை நான் கேட்டதில்லை. நான் மாறிட்டேனான்னு கேட்காதீங்க, செவ்வாய்க்கிழமை இன்னும் முருகன்தான்.

போன மாசம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். முந்தின நாள் சாயங்காலம் நானே அக்கா சீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஸ்கிரீனில் இருந்து கண்ணை எடுக்காம, "பேர் சொல்லு தம்பி"ன்னாங்க.

சொன்னேன்.