பிறெற்வாளும் படித்த கையும்

மரத்தோடு மரத்தைச் சேர்த்துப் பொருள் செய்வது தச்சுத்தொழிலின் பொதுவியல்பு. மரத்திலிருந்து மரத்தை நீக்கியே அழகு காண்பது அதன் ஒரு கிளை. மெல்லிய பலகையொன்றிற் கொடியோ அன்னமோ வரைந்து, உருவுக்குப் புறம்பான இடங்களை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தால், எஞ்சிய மரம் பின்னல்வேலை போல நின்று ஒளியைத் தன்னூடே செல்லவிடும். இத்துளைச்சித்திர வேலைக்கென அமைந்த நுண்வாளை ஆங்கிலேயர் ‘பிறெற்சோ’ என்பர். ஈண்டு அது பிறெற்வாள் எனப்படும். பட்டறையிற் பிறந்த இவ்வாள், எழுதுவினைஞர், ஆசிரியர், மருத்துவர் என மரத்தாற் பிழைக்காத மனிதரின் ஓய்வுநேரத் துணையாகவும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இருந்துவருகின்றது. அவர்கள் செய்த கடிதத் தாங்கிகளும் படச்சட்டங்களும் ஒருபுறமிருக்க, அவ்வாள் அவர்களை என்ன செய்தது என்பதே சிந்தித்தற்குரியது.

கருவி மிக எளியது. ஆங்கில ‘யூ’ எழுத்தைக் கிடத்தினாற் போன்ற நீண்ட இரும்புச் சட்டம்; அதன் இரு முனைகளையும் இணைத்து நிற்கும், ஏறக்குறைய 5 அங்குல நீளமும் தடித்த நூலின் பருமனும் உடைய அலகு; அடியில் ஒரு கைப்பிடி. சட்டத்தின் ஆழம் 12 அங்குலமும் அதற்கு மேலும் இருப்பதுண்டு. பலகையின் ஓரத்திலிருந்து வாள் எவ்வளவு தூரம் உட்செல்லலாம் என்பதை அவ்வாழமே வரையறுக்கும். அலகின் பற்கள் கைப்பிடியை நோக்கிக் கீழ்முகமாக இருத்தல் வேண்டும். வாள் இறங்கும்போதே அறுக்கும். மேசை விளிம்பில், நடுவே வாய்பிளந்த சிறுபலகையொன்றை இறுகப் பொருத்தி, அதன்மேல் வேலைப்பலகையை இடக்கையால் அமர்த்தி, வலக்கையால் வாளை நிலைக்குத்தாக ஏற்றியிறக்குவர். வளைவு வருமிடத்துத் திரும்புவது வாளன்று, பலகையே. பூட்டிய அலகை விரலாற் சுண்டினால் முறுக்கேறிய தந்தி போல ஒலிக்க வேண்டும். ஒலி மந்தமாயின் அலகு தளர்ந்துள்ளது. தளர்ந்த அலகு கோட்டை விட்டு விலகும், முறியும்.

உருவைக் காபன் கடதாசியாற் பலகையிற் பதித்தோ, வரைந்த தாளையே ஒட்டியோ வேலையைத் தொடங்கலாம். இலங்கைத் தேயிலை மரப்பெட்டிகளில் ஏற்றுமதியான காலத்தில், அப்பெட்டிகளின் மெல்லிய ஒட்டுப்பலகை இதற்கு மிகவும் ஏற்ற பொருளாயிருந்தது. அகற்றவேண்டிய ஒவ்வோர் இடத்திலும் சிறு துளையிட்டு, அலகின் ஒரு முனையைக் கழற்றித் துளையினூடே நுழைத்து, மீண்டும் பூட்டி அறுக்க வேண்டும். சித்திரத்தில் நூறு இடைவெளிகள் இருப்பின் நூறு முறை கழற்றலும் நூறு முறை பூட்டலும் உண்டு. உள்வேலை யாவும் முடிந்த பின்னரே வெளிவிளிம்பு அறுக்கப்படும். விளிம்பை முதலில் அறுத்துவிட்டாற் பலகையைப் பற்றுதற்கு இடமிராது. மெலிந்த பகுதிகளும் ஒடிந்துவிடும். கூரிய மூலைகளில் முன்னேறாது, நின்ற இடத்திலேயே வாளை ஏற்றியிறக்கியவாறு பலகையை மெல்லத் திருப்ப வேண்டும். அவசரக்காரன் அலகை முன்தள்ளுவான். அலகு முறிந்து அவனை நிறுத்திவிடும். அறுத்து முடிந்தபின் நுண்ணரத்தாலும் மணற்கடதாசியாலும் ஒவ்வோர் உள்விளிம்பையும் தேய்த்து மென்மையாக்குவதற்கு, அறுத்த நேரமளவு நேரம் செல்வதும் உண்டு.

மின்னால் இயங்கும் இக்காலப் பொறிகள் நிமிடத்திற்கு ஏறக்குறைய 400 முதல் 1,800 முறைவரை அலகை அசைக்கின்றன. இரு கைகளும் பலகையைத் திருப்புவதற்கென விடுபடுகின்றன. ஆயினும் கோட்டின்மேல் நிற்கவேண்டிய பொறுப்பு கண்ணையும் கையையும் விட்டு நீங்கவில்லை. வேகத்தோடு தூசும் பெருகும். மரத்தூசு மனிதரிற் புற்றுநோய் விளைவிக்கவல்லது என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் வெளியிட்ட தொகுதியிற் பதிவுசெய்தது. அழகிற் சிறந்த முதிரையின் தூசு தோலில் அழற்சியையும் உண்டாக்கும். மூக்கையும் வாயையும் மறைக்கும் கவசமும் காற்றோட்டமுள்ள இடமும் இவ்வேலைக்கு வாளைப் போலவே இன்றியமையாதன.

உருவங்களைவிட எழுத்துக்களே தொடக்கநிலையாளனைக் கூடுதலாகச் சோதிப்பவை. தமிழிற் பெயர்ப்பலகை அறுக்க முற்படுவோன், எழுத்து துளையாக வேண்டுமா மரமாக வேண்டுமா என்பதை முதலில் முடிவுசெய்தல் வேண்டும். துளையாக அறுப்பின் ட, ப போன்றவை இடர்தரா. ஆனால் அ, ண, ம முதலியவற்றின் மூடிய சுழிகளுக்குள் இருக்கும் மரத்துண்டு பற்றுக்கோடின்றி விழுந்துவிடும். அதனைச் சுற்றுமரத்தோடு இணைக்க ஒரு சிறு பாலம் விடவேண்டும். மரமாக அறுத்தெடுப்பின் சுழிகள் நிலைக்கும். மெய்யெழுத்தின் புள்ளியோ தனித்து உதிர்ந்துவிடும். தொல்காப்பியம் மெய்க்கு இயல்பாக வகுத்த அப்புள்ளியைத் தன் இடத்தில் நிறுத்துதற்கு, எழுத்தின் தலையோடு மெல்லிய காம்பால் இணைத்தோ, பின்னே வேறொரு பலகை வைத்து ஒட்டியோ வழி காணவேண்டும். ஏட்டிற் பல்லாண்டு எழுதிய எழுத்தின் வடிவத்தை, அதனை அறுக்க நேரும்போதே பலர் முதன்முறையாக உற்றுநோக்குகின்றனர்.

நுண்வாளின் வரலாறு தொழிலுக்கும் பொழுதுபோக்குக்கும் இடையே பலமுறை போய்வந்த வரலாறாகும். பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் தளவாடக் கலைஞரான அந்திரே சார்ள் பூல் (1642 – 1732), ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சேர்த்தறுத்தார். ஒன்றில் நீக்கப்பட்ட துண்டு மற்றையதன் வெற்றிடத்திற் பொருந்தியது. ஒரே அறுப்பில் ஒன்றற்கொன்று எதிரான இரு சித்திரங்கள் கிடைத்தன. இலண்டனில் நிலப்படச் செதுக்குநராயிருந்த ஜோன் ஸ்பில்ஸ்பரி, 1760களில் தேசப்படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாட்டெல்லைகள் வழியே அறுத்து, பிள்ளைகள் பொருத்திப் பார்த்துப் புவியியல் பயிலுமாறு விற்றார். இன்றைய படப்புதிர்களின் தொடக்கம் அதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் காலால் மிதித்து இயக்கும் வாட்பொறிகள் வந்தபின் இவ்வேலை வீடுகளுட் புகுந்தது. இங்கிலாந்தின் நோர்பொக் மாவட்டத்து டெரெம் நகரிலிருந்து 1895 இல் வெளிவரத் தொடங்கிய ‘ஹொபீஸ்’ வார இதழ், அறுப்பதற்கான வரைபடங்களை இலவசமாக இணைத்து வழங்கியது. பின்னர் 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்காவில் வேலையிழந்த கைவினைஞர் பலர் வீட்டிலிருந்தே மரப்புதிர் அறுத்து விற்றும் வாடகைக்குக் கொடுத்தும் பிழைத்தனர். ஒருவனுக்கு விளையாட்டாயிருந்த வாள் இன்னொருவனுக்குச் சோறாயிற்று.

இலங்கைத் தமிழர் வாழ்வில் இவ்வேறுபாடு கூர்மையானது. பழைய வீடுகளின் கதவுநிலைகளுக்கு மேலே காற்றும் ஒளியும் புகுமாறு அமைந்த துளைவேலைப்பாடுகள் தச்சர் கையாற் பிறந்தவை. அவற்றின் கீழே அமர்ந்து படித்த பிள்ளைகளோ, கையில் உளி பிடிக்க நேர்வதைப் படிப்பிலே தோற்றதன் அடையாளமெனக் கருதப் பழக்கப்பட்டனர். 1972 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் தொழின்முன்னிலைப் பாடங்களை இடைநிலை வகுப்புக்களிற் புகுத்தியது. 1977 இன் ஆட்சிமாற்றத்தின் பின் அவ்வேற்பாடு கைவிடப்பட்டது. பாடத்திட்டம் மாறிய வேகத்தில் மனப்பாங்கு மாறவில்லை.

யாழ்ப்பாணத்துச் சிற்றூரொன்றில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் பிறெற்வாள் பழக முற்பட்டார். கவராயம் கொண்டு குறைகாண இயலாத ஒரு தாமரையை வரைந்தார். முதிரைப் பலகையில் அறுத்தபோது ஒவ்வொரு முறையும் அதே இடத்திற் காம்பு ஒடிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் தம் வீட்டுக் கதவுகளைச் செய்த ஆசாரியாரை அழைப்பித்துக் காட்டினார். ஆசாரியார் பலகையை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார்.

“கோடு சரி, மாஸ்ரர். காம்பு மரத்தின்ர நாருக்குக் குறுக்கை நிக்குது, அதுதான் முறியுது. படத்தைத் திருப்பி ஒட்டுங்கோ. வாளையும் நெருக்காதேங்கோ, அது தன்ர பாட்டிலை போகும்.”

திருப்பி ஒட்டிய படத்திற் காம்பு நின்றது. வடிவியல் அறியாத ஒன்றை மரத்தின் நார் அறிந்திருந்தது. ஆசிரியர் தலையை உயர்த்தித் தம் வீட்டு வாயிலின் மேலிருந்த துளைவேலையை நோக்கினார். நாடோறும் அதன் கீழே நடந்தவர், அதிலே அறுபதுக்கு மேற்பட்ட இடைவெளிகள் உண்டென்பதை அன்றுதான் எண்ணிக் கண்டார்.

“ஆசாரியார், உந்த வேலைக்கு எத்தினை நாள் சென்றது?”

“பதினாறு நாள் போச்சுது, மாஸ்ரர்.”

பத்து நாட்கூலிக்குப் பேசி முடித்தது ஆசிரியருக்கு நினைவிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. முன்னெல்லாம் முற்றத்தில் நின்றே பேசிச்சென்ற ஆசாரியாருக்கு, உள்ளிருந்து ஒரு கதிரையைத் தாமே எடுத்துவந்து போட்டார்.

இதனைக் கொண்டு பொழுதுபோக்கு சமூக ஏற்றத்தாழ்வை நீக்கிவிடும் எனக் கூறுதல் மிகைக்கூற்றாகும். கை வலித்தால் ஆசிரியர் வாளை வைத்துவிடலாம். ஆசாரியார் வைக்க முடியாது. முறிந்த பலகை ஆசிரியருக்கு ஒரு மாலைப்பொழுதின் இழப்பு; ஆசாரியாருக்கு அன்றைய கூலியின் இழப்பு. ஓய்வூதியத்தின் பாதுகாப்பிலிருந்து பழகும் வேலை, வேலையின் முழுமையை ஒருபோதும் காட்டாது. ஆயினும் அதன் ஒரு பகுதியையேனும் அது கைவழியே உணர்த்துகின்றது. நூல்களிற் பயிலும் ‘உழைப்பு’, ‘உழைப்பின் பெறுமதி’ என்னும் சொற்கள், அறுபது முறை அலகைக் கழற்றிப் பூட்டியவனின் விரல்களில் எடையுடைய பொருளாகின்றன.

இவ்வாளுக்குப் பெரிய இடம் வேண்டியதில்லை. விடுதி அறையொன்றின் மேசை விளிம்பும், ஒரு துண்டு ஒட்டுப்பலகையும், ஒரு கட்டு அலகுகளும் தொடக்கத்திற்குப் போதும். இன்றைய பல்கலைக்கழக மாணவர் பலர் நாளை திட்டம் வகுப்பவராகவும் மதிப்பீடு தயாரிப்பவராகவும் பிறரது வேலைக்கு விலை குறிப்பவராகவும் அமரக்கூடியவர்கள். ஒரு வேலைக்கு எத்தனை நாள் செல்லும் என்பதைக் கூலி பேசுமுன்னரே கேட்டறியும் பழக்கம் அவர்களுக்கு வேண்டும். அப்பழக்கத்தைக் கற்றுக்கொள்ள, 5 அங்குல அலகொன்று சில முறை முறிவது அதிக விலையன்று.